ஊமை எழுத்துகள்: ஒரு ஜூலை மாத நாட்குறிப்பு

2024 ஜூலை 3, புதன்

ஆங்கிலச் சொற்களில் ஒலிக்காமல் நிற்கும் எழுத்துகளுக்கு நம் வகுப்பறைகளில் 'சைலன்ட் லெட்டர்' என்று பெயர் சொல்லி, மனப்பாடம் செய்துகொள்ளும்படி விட்டுவிடுகிறோம். போட்டித் தேர்வுக்காக மாலை வேளையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறவர்களில் ஒருவர் இன்று, "வாயே திறக்காத எழுத்தை எதுக்கு சார் எழுதணும்?" என்று கேட்டார். கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற சொல்லின் முதலில் நிற்கும் 'கே'வைப் பற்றிய கேள்வி அது. 'அது அப்படித்தான்' என்பதைவிட நல்ல விடை அதற்கு இருப்பதால், இந்த மாதம் முழுவதும் இதைப் பற்றியே எழுதுவதாக இருக்கிறேன்.

அந்த 'கே' ஒரு காலத்தில் வாய் திறந்து பேசிய எழுத்துதான். குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லை கே, என், ஐ, ஜி, ஹெச், டி என்று ஆறு எழுத்துகளால் எழுதுகிறார்கள். அவற்றில் பாதிக்கு இன்று வேலையில்லை. பழைய ஆங்கிலத்தில் அச்சொல் ஏறக்குறைய 'க்னிஹ்ட்' என்று, எல்லா மெய்களும் காதில் விழும்படி ஒலித்தது. அதன் உறவுச்சொல்லை ஜெர்மானியர் இன்றும் 'க்னெஹ்ட்' என்கிறார்கள். முழங்காலுக்கு அவர்கள் 'க்னீ' என்றும் ஆங்கிலேயர் 'நீ' என்றும் சொல்கிறார்கள். முதலில் வந்த அந்தக் ககர ஒலியை ஆங்கிலேயர் பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் கைவிட்டபோது, எழுத்தை மட்டும் கைவிட முடியாமல் போனது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்ததிலிருந்து எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல அச்சுக்கோப்பவர்களின் கையில் இறுகிவந்தது. உச்சரிப்பு மிக வேகமாக மாறிக்கொண்டிருந்த காலமும் அதுவேயாக அமைந்தது ஆங்கிலத்தின் தலைவிதி.

எந்த ஆங்கிலத்தை அச்சிடுவது என்ற குழப்பம் காக்ஸ்டனுக்கே இருந்தது. 1490இல் அவர் எழுதிய ஒரு முன்னுரையில், தேம்ஸ் ஆற்றில் கப்பல் நின்றுவிட்டதால் கென்ட் பகுதியில் கரையிறங்கிய வணிகர்களின் கதையைச் சொல்கிறார். அவர்களில் ஒருவர் ஒரு வீட்டில் முட்டை கேட்க, அந்த வீட்டுப் பெண்மணி தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிவிட்டார். கேட்டவருக்கும் பிரெஞ்சு தெரியாதாகையால் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் சொன்னது 'எக்ஸ்'; அந்தப் பெண்மணிக்குத் தெரிந்ததோ 'எய்ரென்'. ஒரு முட்டைக்கே இந்தப் பாடு என்றால் ஒரு புத்தகத்துக்கு என்ன செய்வது என்பதே காக்ஸ்டனின் கவலை.

இன்று புதன்கிழமை என்பதால் ஓர் இடைக்குறிப்பு. 'வென்ஸ்டே'யின் நடுவில் ஒலிக்காமல் கிடக்கும் 'டி', வோடன் என்னும் ஜெர்மானியத் தெய்வத்தின் பெயரில் இருந்த 'டி'. ரோமானியர் புதன் கோளின் பெயரால் வழங்கிய நாளில் ஜெர்மானியர் தங்கள் வோடனைக் குடியேற்றினர். ஆகவே நம் புதன்கிழமையும் அவர்களுடைய வென்ஸ்டேயும் பிறப்பில் ஒன்றே.

2024 ஜூலை 6, சனி

எல்லா ஊமை எழுத்துகளுக்கும் இப்படிப்பட்ட நேர்மையான பிறப்பு இல்லை. எந்தக் காலத்திலும் ஆங்கிலேயர் வாயில் ஒலிக்காமல், படித்தவர்கள் வேண்டுமென்றே நுழைத்த எழுத்துகளும் உண்டு. என் கோபமெல்லாம் அவற்றின் மீதுதான்.

கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' இல்லை, ஒலித்தபடியே எழுதினார்கள். மறுமலர்ச்சிக் காலப் புலவர்களுக்கு அதன் மூலம் 'டெபிடும்' என்னும் லத்தீன் சொல் என்பது நினைவுக்கு வந்தது. குலப்பெருமை தெரியட்டும் என்று நடுவில் ஒரு 'பி'யைச் செருகினார்கள். 'டவுட்' என்ற சொல்லுக்கும் இதே மரியாதை செய்யப்பட்டது. 'ரிசீட்' என்ற சொல்லில் ஒரு 'பி'யை (இது 'பேப்பர்' என்பதன் பி) வைத்தவர்கள், அதே குடும்பத்தைச் சேர்ந்த 'டிசீட்', 'கன்சீட்' ஆகிய இரண்டையும் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் அண்ணனுக்கு மட்டும் பூணூல் போட்டுத் தம்பிகளை மறந்த வீடுபோல் அந்தக் குடும்பம் இன்றுவரை நிற்கிறது. 'பி'யை ஒலித்தே தீரவேண்டும் என்று அடம்பிடிக்கும் ஒரு பள்ளி ஆசிரியரை ஷேக்ஸ்பியர் தம் நாடகம் ஒன்றில் படைத்துக் கேலி செய்திருக்கிறார் என்பதிலிருந்து, இந்தச் செருகல்கள் அன்றைக்கே சிரிப்புக்கு இடமளித்தன என்று தெரிகிறது.

இவற்றிலாவது லத்தீன் உறவு உண்மை. தீவைக் குறிக்கும் 'ஐலன்ட்' என்ற சொல்லில் உள்ள 'எஸ்' முழுப் பொய். அது பழைய ஆங்கிலத்தில் 'எஸ்' இல்லாமல் வழங்கிய தனிச்சொல். லத்தீன் 'இன்சுலா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லைப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி அந்த 'எஸ்'ஸை இதற்கும் ஒட்டிவிட்டார்கள். அறுவாளைக் குறிக்கும் 'ஸைத்' என்ற சொல்லில் புகுந்த 'சி'யும் இப்படித்தான்; வெட்டுவது என்ற பொருளுடைய லத்தீன் வினை ஒன்றோடு அதற்கு இல்லாத உறவைக் கற்பித்ததால் வந்த வினை.

2024 ஜூலை 10, புதன்

இன்று உயிர்களுக்கு வருகிறேன். மெய்களின் கதையை எல்லோரும் சொல்லிவிடலாம். உயிர்களின் கதையைச் சொல்லத் தமிழ் எழுத்தைப்போல் வசதியான கருவி வேறில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்துக்கு 'ஏ' என்று பெயர். இத்தாலியிலோ ஜெர்மனியிலோ கேட்டால் அதை 'ஆ' என்பார்கள். ஆங்கிலேயர் 'ஈ' என்னும் எழுத்து அங்கே 'ஏ'. ஆங்கிலேயர் 'ஐ' என்னும் எழுத்து அங்கே 'ஈ'. ஏறத்தாழ 1400க்கும் 1700க்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெயர்ந்ததுதான் இதற்குக் காரணம். டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்குப் 'பெரும் உயிரொலிப் பெயர்ச்சி' என்ற பொருளில் பெயரிட்டார். நுணுக்கங்களை விட்டுச் சொன்னால், 'ஆ' இருந்த இடத்துக்கு 'ஏ' வந்தது, 'ஏ' இருந்த இடத்துக்கு 'ஈ' வந்தது, மேலே ஏற இடமில்லாத 'ஈ' உடைந்து 'ஐ' ஆனது. அதேபோல் 'ஓ' என்பது 'ஊ' ஆக, 'ஊ' என்பது 'அவு' ஆனது. பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்தில் 'நாம' என்று ஒலித்த சொல் இன்று 'நேம்'. நம் நாமத்தோடு அதற்கு இருக்கும் உறவு பழைய உச்சரிப்பில் பளிச்சென்று தெரியும். 'டீம' என்றிருந்தது 'டைம்' ஆயிற்று, 'மோன்' என்றிருந்த நிலவு 'மூன்' ஆயிற்று, 'ஹூஸ்' என்றிருந்த வீடு 'ஹவுஸ்' ஆயிற்று. எழுத்தோ பெரும்பாலும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

இந்தப் பெயர்ச்சி ஒழுங்காக முடிந்திருந்தால்கூட ஒரு புதிய விதியைக் கற்றுக்கொண்டு பிழைத்திருக்கலாம். 'ஈ', 'ஏ' என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதும் சொற்களில் 'மீட்', 'ஸ்பீக்', 'ஸீ' எல்லாம் 'ஈ' வரை போய்ச் சேர்ந்துவிட, 'கிரேட்', 'பிரேக்', 'ஸ்டேக்' என்ற மூன்றும் நடுவழியில் 'ஏ'யிலேயே தங்கிவிட்டன. 'பிரெட்', 'ஹெட்' போன்றவை குறிலாகிப் பயணத்திலிருந்தே விலகிக்கொண்டன. படிப்பதைக் குறிக்கும் வினையை நிகழ்காலத்துக்கு 'ரீட்' என்றும் இறந்தகாலத்துக்கு 'ரெட்' என்றும், ஓர் எழுத்தும் மாறாமல் எழுதிவைத்து நம்மை ஊகிக்கச் சொல்கிறார்கள். இரண்டு 'ஓ' போட்டு எழுதும் 'ஃபூட்', 'குட்', 'பிளட்' ஆகிய மூன்றுக்கும் மூன்று ஒலிகள்: ஒன்று நெடிலாகவே இருக்கிறது, ஒன்று பின்னாளில் குறுகியது, ஒன்று முன்னமே குறுகிவிட்டதால் அகரம் வரை சறுக்கிவிட்டது.

இதைச் சொல்லிச் சிரிக்கும்போது, இலை என்று எழுதிவிட்டு 'எலை' என்றும், உடம்பு என்று எழுதிவிட்டு 'ஒடம்பு' என்றும் பேசுகிறவர்கள் நாம் என்பது வகுப்பில் யாருக்கும் நினைவில்லை. இடம் 'எடம்' ஆகிறது, குடம் 'கொடம்' ஆகிறது. ஆனால் நம் மாற்றம் விதிக்குக் கட்டுப்பட்டது: அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ இருந்தால் இகரம் எகரமாகும், உகரம் ஒகரமாகும்.

2024 ஜூலை 14, ஞாயிறு

ஓ, யூ, ஜி, ஹெச் என்ற நான்கெழுத்துக் கூட்டணிக்கு இன்றைய ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தேன். 'டஃப்', 'தோ', 'த்ரூ', 'பவ்', 'காஃப்' என்ற ஐந்து சொற்களிலும் அது ஐந்து விதமாக ஒலிக்கிறது. அந்த 'ஜி, ஹெச்' முதலில் தொண்டையிலிருந்து எழுந்த ஓர் உரசொலி. அது சில வட்டாரங்களில் மறைந்தது, சிலவற்றில் 'ஃப்' ஆனது. பொதுவழக்கு ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு வட்டாரத்திலிருந்து எடுத்துக்கொண்டது. பேயைக் குறிக்கும் 'கோஸ்ட்'டில் உள்ள 'ஹெச்'சுக்கு இந்தப் பழம்பெருமை எதுவும் கிடையாது; பெல்ஜியப் பகுதியில் நெடுநாள் வாழ்ந்து திரும்பிய காக்ஸ்டனின் அச்சுக்கூடத்தில் அப்பகுதியின் ஃப்ளெமிஷ் மொழிப் பழக்கத்தால் ஒட்டிக்கொண்டது.

ஜி, ஹெச், ஓ, டி, ஐ என்று எழுதி 'ஃபிஷ்' என்று படிக்கலாம் என்னும் பழைய வேடிக்கையை வகுப்பில் ஒருவர் கைப்பேசியில் காட்டினார். 'இனஃப்'பிலிருந்து 'ஃப்', 'விமின்' என்ற சொல்லின் 'ஓ'விலிருந்து 'இ', 'நேஷன்' என்ற சொல்லின் 'டி, ஐ'யிலிருந்து 'ஷ்' என்பது கணக்கு. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா கட்டிவிட்டதாகச் சொல்வார்கள். ஷா பிறப்பதற்கு முன்பே, 1855இல் எழுதிய ஒரு கடிதத்திலேயே அது இருக்கிறது. வேடிக்கை என்ற அளவில் சரி, வாதமாக நிற்காது. சொல்லின் முதலில் வரும் 'ஜி, ஹெச்' ஒருபோதும் 'ஃப்' ஆகாது. சொல்லின் கடைசியில் நிற்கும் 'டி, ஐ' ஒருபோதும் 'ஷ்' ஆகாது. ஆங்கிலம் தெரிந்த எவரும் அந்த ஐந்தெழுத்தை 'கோட்டி' என்றுதான் படிப்பார். அதாவது விதியே இல்லை என்று காட்டவந்த வேடிக்கை, விதி இருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது. (திருநெல்வேலிக்காரர்களுக்குக் 'கோட்டி' என்றால் கிறுக்கு என்று சொல்லவேண்டியதில்லை.)

2024 ஜூலை 19, வெள்ளி

திருத்தப் பார்த்தவர்கள் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1806இலும் 1828இலும் வெளியிட்ட அகராதிகளால் 'கலர்' ஒரு 'யூ'வை இழந்தது, 'சென்டர்' கடைசி இரண்டு எழுத்துகளை இடம் மாற்றிக்கொண்டது. நாக்கைக் குறிக்கும் 'டங்' என்ற சொல்லை நான்கே எழுத்தில் எழுதலாம் என்று அவர் சொன்னதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

1906இல் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் எளிய எழுத்துக்கூட்டலுக்கு ஒரு வாரியம் அமைந்தது. அது பரிந்துரைத்த 300 சொற்களையும் அரசு அச்சகம் பின்பற்றவேண்டும் என்று அந்த ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆணையிட்டார். செய்தித்தாள்கள் கேலி செய்தன, டிசம்பரில் பிரதிநிதிகள் சபை பழைய அகராதி வழக்கே தொடரவேண்டும் என்றது, ரூஸ்வெல்ட் பின்வாங்கினார்.

நம் ஊரிலும் ஒன்று நடந்தது. 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு நெருக்கமாக மாற்றித் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணை 2020 ஜூனில் வெளியே தெரியவந்து, அதே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லதுதான், ஆங்கிலேயர் வாயில் சிதைந்த பெயர்களை நாம் ஏன் சுமக்கவேண்டும்? ஆனால் கோயம்புத்தூர் பத்து எழுத்திலிருந்து பதினான்கு எழுத்தாக நீண்டது. வேலூரின் 'வே'வுக்கு இரண்டு 'ஈ' எழுத்துகளைப் போட்டதால் பார்த்தவர்கள் 'வீலூர்' என்று படித்துச் சிரித்தார்கள். சாசர் காலத்து ஆங்கிலேயர் அதைச் சரியாக 'வேலூர்' என்றே படித்திருப்பார். ஒலிக்கேற்ப எழுதுகிறோம் என்று புறப்படுகிறவர்கள், எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்பதே கலைந்துபோன ஒரு மொழியின் எழுத்துகளைக் கருவியாகக் கொள்வதில் உள்ள சிக்கல் இது.

2024 ஜூலை 24, புதன்

திட்டியது போதும், எதிர்த்தரப்பையும் பார்க்கலாம். 1968இல் மொழியியலாளர்கள் நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் ஆங்கில எழுத்துக்கூட்டல் கிட்டத்தட்ட மிகச் சிறந்த ஏற்பாடு என்று எழுதினார்கள். 'சைன்' என்ற சொல்லில் ஒலிக்காத 'ஜி', 'சிக்னேச்சர்' என்ற சொல்லில் ஒலிக்கிறது. எழுத்தைப் பார்த்தாலே இரண்டும் ஒரு வீட்டுச் சொற்கள் என்று கண்ணுக்குத் தெரிகிறது. இறந்தகால விகுதி ஒன்று 'ட்', மெலிந்த 'ட்', 'இட்' என்று மூன்று விதமாக ஒலித்தாலும் ஒரே மாதிரி எழுதப்படுவதால் விகுதி என்பது விளங்குகிறது.

'கிட்டத்தட்ட மிகச் சிறந்த' என்பது எனக்கு அதிகப்படியாகவே படுகிறது. ஆயினும் ஜூலை 6 அன்று நான் சாடிய 'டெட்'டின் 'பி'யைக் கொஞ்சம் மன்னிக்கத் தோன்றுகிறது: வங்கிப் பாஸ்புக்கில் 'டெபிட்' என்ற சொல்லைப் பார்க்கிறவருக்கு அந்தக் கடனின் உறவு அந்த ஒரு 'பி'யால்தான் தெரிகிறது. 'ஐலன்ட்'டின் 'எஸ்'ஸுக்கு இந்தச் சலுகையும் கிடையாது. நாமும் பக்கம், பகல், பங்கு என்று மூன்று ஒலிகளுக்கு ஒரே ககரத்தை வைத்திருக்கிறோம். எந்த இடத்தில் எந்த ஒலி என்பதை இடமே சொல்லிவிடுவதால் அதை யாரும் குறையாக உணர்வதில்லை.

2024 ஜூலை 27, சனி

வகுப்பின் கேள்விப் பட்டியலில் மிச்சமிருந்தது 'கர்னல்'. எழுத்தில் 'ஆர்' கிடையாது, 'எல்' இரண்டு உண்டு. வாயிலோ ரகரம்தான் கேட்கிறது. இத்தாலியில் 'கொலொன்னெல்லோ'வாக இருந்த படைப்பதவியைப் பிரெஞ்சுக்காரர் ஒரு லகரத்தை ரகரமாக்கிக் 'கொரொனெல்' என்றனர். ஆங்கிலேயரும் அப்படியே எழுதிப் பேசினர். பிறகு இத்தாலிய மூலத்தைப் பார்த்து எழுத்தை மட்டும் லகரத்துக்குத் திருத்திக்கொண்டார்கள். நாவு பழைய ரகரத்திலேயே இருந்துவிட்டது. தமிழ்ச் செய்தித்தாள்கள் ஒலியைப் பின்பற்றிக் கர்னல் என்றே எழுதுவதால், என் மாணவர்கள் எல்லோருக்கும் இதன் உச்சரிப்பு முன்பே சரியாக இருந்தது. எழுதச் சொன்னபோது மட்டும் எல்லோருமே 'ஆர்' போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் 'லெஃப்டினன்ட்'.