படுவான்கரை வட்டையில் பறக்காத ட்ரோன்

ஜூன் 5, 2025

ட்ரோனைப் பறக்கவைக்கும் நிரலான ஆர்டுபைலட்டின் சிமுலேட்டரை முதன்முதலில் இயக்குபவர்கள் கன்பராவில்தான் போய் நிற்பார்கள். இடம் எதுவும் சொல்லாவிட்டால் ட்ரோன் அங்கேதான் முளைக்கும். வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனை மேசையிலேயே சோதித்துப் பார்க்க, நான் 7.7 பாகை வடக்கு, 81.6 பாகை கிழக்கு என்று மாற்றினேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம், மாமாவின் வயல் இருக்கும் வட்டை, அதாவது வயல்வெளி, திரையில் வந்துவிட்டது.

ட்ரோனுக்குள் ஓடும் அதே பறப்பு நிரல்தான் மடிக்கணினியிலும் ஓடுகிறது. ஜிபிஎஸ், காற்றழுத்தம், சாய்வு என்று அது கேட்பதற்கெல்லாம் ஓர் இயற்பியல் மாதிரி விடாமல் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. பொய் என்பது நிரலுக்குத் தெரியாது. விழுந்தால் மறுபடி தொடங்கலாம். நிஜ ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில காலம் பறக்கவே தடை இருந்தது. மேசையில் பறப்பதை யாரும் கேட்பதில்லை.

ஜூன் 9

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. சிமுலேட்டரில் மட்டும் ஓர் இலை அசையவில்லை: நாமாகக் கொடுக்கும்வரை அங்கே காற்றின் வேகம் பூச்சியம். தென்மேற்கிலிருந்து விநாடிக்கு 8 மீற்றர் என்று கொடுத்து, கொந்தளிப்பையும் கூட்டினேன். மருந்தடிக்கும் நேர்கோடுகள் உடனே வளைந்தன. காற்றோடு போகும் வரிசையின் முடிவில் ட்ரோன் வரம்பைத் தாண்டி, அடுத்தவர் வயலுக்குள் போய்த்தான் திரும்புகிறது. நிஜத்தில் அது பெரிய சண்டை.

மாமா பின்னால் நின்று பார்த்தார். “காற்றைப் போடுவதும் நீர், தாண்டுவதும் நீர். இது என்ன சோதினை மருமகன்?” பதில் சொல்லத் தெரியாமல் தேநீர் குடித்தேன்.

ஜூன் 10

பின்னேரம் முழுக்க மின்சாரம் இல்லை.

ஜூன் 14

மாமாவின் கேள்வி போகவில்லை. நான் மறந்த எதையும் சிமுலேட்டர் என்னிடம் கேட்காது. இன்று பிடிபட்டது மருந்துத் தாங்கி. 10 லீற்றர் என்றால் ஏறக்குறைய 10 கிலோ. கிளம்பும்போது இருக்கும் அந்தப் பாரம் கடைசி வரிசையில் இல்லை. மாதிரியிலோ எடை முதலிலிருந்து கடைசிவரை ஒன்றே. பாரத்துக்கு ஏற்ப இறுக்கிய கட்டுப்பாடு, தாங்கி காலியானதும் துடிக்கத் தொடங்கும். இடையில் பாதி நிரம்பிய தாங்கியில் மருந்து அலைமோதுவது வேறு. எடையைப் படிப்படியாகக் குறைக்க ஒரு சிறு நிரல் எழுதினேன். அலைமோதலைத் தொடவில்லை, அது தனிப் படிப்பு.

ஜூன் 15

தண்ணீர் இன்னும் மோசம். ட்ரோனைச் சுற்றியுள்ள உலகத்தை எனக்குக் கசீபோ என்ற இன்னொரு சிமுலேட்டர்தான் காட்டுகிறது. அதில் உயரம் அளக்கும் லேசர் கதிர், தண்ணீரிலும் திடமான தரையில் பட்டதுபோல் சுத்தமான எண்ணோடு திரும்புகிறது. வயலில் பயிருக்கு இடையே தேங்கிய நீரில் லேசர் சில நேரம் கண்ணாடியில் பட்டதுபோல் வேறு பக்கம் தெறிக்கும், சில நேரம் உள்ளேயே போய்விடும். ஆகவே அளவீடுகளை இடையிடையே தொலைத்துவிடும்படி செய்தேன். ட்ரோன் ஒரு கணம் தடுமாறியது. பிறகு காற்றழுத்தத்தை நம்பி உயரத்தைப் பிடித்துக்கொண்டது. இத்தனை நாளில் மனம் நிறைந்தது இந்தத் தடுமாற்றத்தில்தான்.

ஜூன் 21

நண்பன் ஏர்சிம் என்ற வேறொரு சிமுலேட்டரைப் பார்க்கச் சொல்கிறான். 2017இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்டது. கணினி விளையாட்டுகளுக்கான அன்ரியல் என்ஜினில் ஓடுவதால் மரமும் வெயிலும் அசலாகத் தெரியும், காரும் ஓட்டலாம். ஆனால் 2022இல் அவர்களே அதை நிறுத்திவிட்டார்கள். அழகுக்காக என் மடிக்கணினியை வேகவைக்கவும் மனமில்லை. பழைய கசீபோவுக்கும் 2025 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது, புதியதற்கு மாறிவிட்டேன்.

மாமா இன்று திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, “கொக்கு எங்கே?” என்றார். கொக்கு இல்லாத வட்டையா! மாதிரி எதுவும் கிடைக்கவில்லை. ஒரு பந்துக்கு வெள்ளை பூசி, ட்ரோனுக்குக் குறுக்கே பறக்கவிட்டிருக்கிறேன்.