பரிசோதனை நிலையத்தின் கழிவுநீரும் பாதாளச் சாக்கடை விதிகளும்: என் அனுபவம்

தமிழகத்தின் ஒரு மாநகராட்சி எல்லைக்குள், வாடகைக் கட்டடத்தில், படுக்கை வசதி இல்லாத சிறிய ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றை நடத்தி வருகிறேன். எங்கள் கழிவுநீர் விதிகளுக்கு உட்பட்டே பாதாளச் சாக்கடைக்குப் போகிறது என்பதை ஆவணங்களோடு மெய்ப்பித்து முடிப்பதற்குள் பெரும்பாடு பட்டுவிட்டேன். இதே வேலையில் இறங்கப்போகிறவர்கள் அந்த அலைச்சலில் பாதியையாவது தவிர்க்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரத்துக்கான விண்ணப்பம், கட்டணம், மருத்துவக் கழிவை எடுத்துச் செல்லும் நிறுவனத்தோடு ஒப்பந்தம், நிறம் பிரித்த பைகள் ஆகியவை எல்லாம் தடையின்றி முடிந்தன. திரவக் கழிவில்தான் வேலை நின்றது.

அதற்குக் காரணம், 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கும் ஒரு சிறு குறிப்பு. அட்டவணை கடுமையான வரம்புகளைச் சொல்கிறது: பிஓடி (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், சிஓடி (அதை இரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250, மிதக்கும் திடப்பொருள் 100, எண்ணெயும் கொழுப்பும் 10. ஆனால் இவை, படுக்கை வசதியுள்ள மருத்துவ நிலையங்களில், பாதாளச் சாக்கடையோடு இணைக்கப்படாதவற்றுக்கும், முடிவில் சுத்திகரிப்பு நிலையம் இல்லாத சாக்கடையோடு இணைக்கப்பட்டவற்றுக்கும் உரியவை என்று, 2018-இல் திருத்தப்பட்ட அந்தக் குறிப்பு கூறுகிறது. முடிவில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும் சாக்கடை என்றால், 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது வரம்புகளே பொருந்தும். அங்கே பொதுச் சாக்கடைக்கு பிஓடி 350, திடப்பொருள் 600, எண்ணெய் 20. சிஓடிக்கு வரம்பே குறிப்பிடப்படவில்லை. ஒரே நீர் ஒரு வரம்பில் தேறும், மற்றொன்றில் தோற்கும். ஆகவே, நம் தெருச் சாக்கடை எங்கே போய் முடிகிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் முன்பு உறுதி செய்துகொள்ள வேண்டிய கேள்வி.

அதை யாருமே எங்களிடம் கேட்கவில்லை. மாதிரி எடுத்துச் சென்ற தனியார் சோதனைக்கூடம், ஆறு குளங்களில் விடப்படும் கழிவுநீருக்கான வரம்புகளை எங்கள் அளவுகளுக்கு எதிரே அச்சிட்டு, பிஓடி, சிஓடி இரண்டிலும் தோல்வி என்று அறிக்கை கொடுத்துவிட்டது. பொதுச் சாக்கடை வரம்போடு ஒப்பிட்டால் எங்கள் பிஓடி மிகவும் கீழே இருந்தது. அறிக்கையைத் திருத்தித் தரும்படி கேட்டபோது, "நீங்கள் எந்தச் சாக்கடையில் விடுகிறீர்கள் என்பதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லையே" என்றார்கள். அது நியாயமான பதில்தான். ஆனால் மாதிரி எடுக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டிய பதில். இதற்கிடையே, அந்த அறிக்கையைக் கண்ட ஒரு கருவி விற்பனையாளர், பல லட்ச ரூபாய் மதிப்புள்ள சுத்திகரிப்புக் கருவி இல்லாமல் அனுமதி கிடைக்கவே கிடைக்காது என்று அச்சுறுத்தத் தொடங்கினார். தயவுசெய்து அத்தகைய பேச்சைக் கேட்டு உடனே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

ஆதாரம் தேடிப் போன இடத்தில்தான் அலைச்சல் தொடங்கியது. சாக்கடைக் கட்டண ரசீது போதும் என்று ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். ரசீதைக் கொண்டுபோனால், இது கட்டணம் கட்டியதற்குத்தான் சான்று, இணைப்புக்குச் சான்றல்ல என்று இன்னோர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். இணைப்பு ஆணையைத் தேடியெடுத்தால், அது கட்டடத்தின் முந்தைய உரிமையாளர் பெயரில் இருந்தது. பெயர் மாற்றம் முடிந்த பிறகு வரும்படி சொன்ன எழுத்தர், அதற்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பதை மட்டும் கடைசிவரை முழுமையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைக் கேட்டார். வாடகைதாரரான என்னால் பெயர் மாற்றம் கோர முடியாது என்பதைக்கூட வரிசையில் நின்ற ஒருவரிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

கடைசியில் வழிகாட்டியவர் ஓர் இளநிலைப் பொறியாளர். என் தேவையைக் கேட்ட அந்த அம்மையார், பெயர் மாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும், கதவு எண்ணைக் குறிப்பிட்டு மனுக் கொடுத்தால் போதும் என்றும் விளக்கினார். "மேற்படி முகவரியிலுள்ள கட்டடத்தின் கழிவுநீர் இணைப்பு, எந்தக் கழிவுநீரேற்று நிலையத்தின் வழியாக எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடைகிறது என்றும், அந்நிலையம் தற்போது இயங்குகிறதா என்றும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். சில வரிகளில் பதில் கடிதம் வந்தது. அதை இணைத்தவுடன் சோதனைக்கூடம் மறுபேச்சின்றிச் சரியான வரம்புகளுக்கு எதிரே அறிக்கை தர ஒப்புக்கொண்டது. மாதிரி எடுக்கும் முன்பே இந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருங்கள்.

ஆனால் புதிய மாதிரியும் முதலில் தேறவில்லை. கழிவுநீரில் விடப்படும் மீன்களில் 90 விழுக்காடு, 96 மணி நேரம் கழித்தும் உயிரோடு இருக்க வேண்டும் என்பது பொதுச் சாக்கடைக்கும் பொருந்தும் விதி. எங்கள் நீரில் மீன்கள் பிழைக்கவில்லை. அமில-காரக் குறியீடும் 5.5 முதல் 9 வரையிலான வரம்பைத் தாண்டியிருந்தது. கழிவுநீரைக் கிருமி நீக்கும் தொட்டியை அமைத்துத் தந்த ஒப்பந்ததாரர், ஹைப்போ (கிருமி நீக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்) கரைசலை எவ்வளவு ஊற்றினாலும் நல்லதே என்று எங்கள் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்திருந்தார். அது முற்றிலும் தவறான அறிவுரை. ஹைப்போ காரத்தன்மை மிகுந்தது. மிச்சமாகும் குளோரின் மீனைக் கொல்லும். சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவைத் தின்று நீரைத் தெளியவைக்கும் நுண்ணுயிர்களையும் அது விட்டுவைக்காது. கரைசலின் செறிவையும் அளவையும் கணக்கிட்டு ஊற்றி, கிருமி நீக்கத்துக்கு வேண்டிய நேரம் கழிந்த பின், மிச்சக் குளோரினைச் சோடியம் தயோசல்பேட்டால் நீக்கிய பிறகே வெளியேற்றத் தொடங்கினோம். அடுத்த அறிக்கை எல்லா அளவுகளிலும் தேறியது. அன்று எங்கள் பணியாளர்கள் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அதே ஒப்பந்ததாரர், கைகழுவும் தொட்டியின் நீரையும் கழிப்பறை நீரையும் முன்னதாகவே கலந்துவிட்டால் எல்லா அளவுகளும் குறைந்துவிடும் என்றும் யோசனை கூறினார். அதற்கு நான் உடன்படவில்லை. இரசாயனத் திரவக் கழிவைத் தோன்றும் இடத்திலேயே பிரித்து, மற்றக் கழிவுநீரோடு கலக்கும் முன்பே நடுநிலைப்படுத்த வேண்டும் என்று 2016 விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. தண்ணீர் ஊற்றிப் பெருக்கினால் நஞ்சு குறைவதில்லை.

எந்த வரம்புக்குள் அடங்கினாலும் தொட்டியில் ஊற்றவே கூடாதவை சில உண்டு. ஹீமோகுளோபின் அளக்கப் பயன்படும் டிராப்கின் கரைசலில் பொட்டாசியம் சயனைடு இருக்கிறது. அமிலத்தோடு சேர்ந்தால் அது நச்சு வாயுவாக வெளியேறும். பொதுச் சாக்கடையில் சயனைடுக்கான வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம்தான். பல ரீஏஜென்ட்களில் (சோதனைக்குப் பயன்படும் வேதிப்பொருள்களில்) கெடாமல் இருப்பதற்காகச் சேர்க்கப்படும் சோடியம் அசைடு, பழைய கட்டடங்களின் செம்பு, ஈயக் குழாய்களில் படிந்து வெடிக்கக்கூடிய சேர்மமாக மாறும். பார்மலினும் ஹைப்போவும் ஒரே தொட்டியில் சேரக்கூடாது. ஒவ்வொரு ரீஏஜென்டுடனும் வரும் பாதுகாப்புத் தாளை உற்பத்தியாளரிடம் கேட்டு வாங்கி, படித்து, தனிக் கேன்களில் சேர்த்து, கழிவு எடுப்பவரிடம் ஒப்படைப்பதே சரி.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் அபராதம் அல்ல. பாதுகாப்புக் கவசமின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும் இறப்புகள் தொடர்கின்றன. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்த வேண்டி வந்தது. எங்கள் குழாயிலிருந்து போகும் ஒரு வாயு, தெருமுனை ஆள்நுழைவுக் குழிக்கு அருகில் நிற்பவரின் மூச்சில் கலந்துவிடக்கூடாது.

அங்கீகாரம் கைக்கு வந்த பிறகும் ஆண்டறிக்கையை நான்காம் படிவத்தில் ஜூன் 30-க்குள் அளிக்க வேண்டும். அதற்காக, ஹைப்போ ஊற்றிய அளவு, நேரம், குளோரின் நீக்கிய விவரம் ஆகியவற்றை நாள்தோறும் ஒரு பதிவேட்டில் எழுதி, பொறியாளரின் கடிதத்தின் நகலை அதன் முதல் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறோம்.