விட்ட கை

"கையை விட்டுட மாட்டீங்களே தம்பி?"

"மாட்டேம்மா."

நீச்சல் சொல்லிக்கொடுக்க வந்த இத்தனை வருடத்தில் இந்த இரண்டு வரிதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது.

முதல் மூன்று நாள் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்தவர் அவர். மார்பளவு தண்ணீரில் நின்ற அன்று மூச்சு முட்டுகிறது என்றார். அது பயம் மட்டுமில்லை, தண்ணீர் நெஞ்சுக்கூட்டை அழுத்தும், எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொன்னதும் முகம் தெளிந்தது. அப்புறம் வாயை முக்கிக் குமிழி விட்டுப் பழகினோம். பயந்தவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். உள்ளே கரியமில வாயு சேரச் சேரத் தவிப்புதான் கூடும். விடத் தெரிந்தால் பாதி பயம் போகும். அதையும் கற்றுக்கொண்டார்.

பிறகுதான் மல்லாந்து மிதப்பது. பிடரிக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை கொடுத்திருந்தேன். காது இரண்டும் தண்ணீருக்குள், கழுத்தில் விறைப்பே இல்லை. நெஞ்சு நிறையக் காற்று இருந்ததால் என் கையில் கனமே தெரியவில்லை. மெல்ல எடுத்துவிட்டேன்.

சில விநாடிகள் தானாகவே மிதந்தார். என் இரண்டு கையும் வெளியே இருப்பதைப் பார்த்ததும் தலையைத் தூக்கினார். தலை தூக்கினால் இடுப்பு இறங்கும். 4 அடித் தண்ணீர்தான், ஆனாலும் கால் தரையைத் தேடித் தடுமாறி ஒரு வாய் குடித்துவிட்டார். பிடித்து நிறுத்தினேன்.

"நீங்களேதாம்மா மிதந்தீங்க!"

"விட மாட்டேன்னு சொன்னீங்களே."

சொல்லிவிட்டு எடுத்திருந்தால் அந்த நொடியே உடம்பு விறைத்திருக்கும், மிதந்தே இருக்க மாட்டார். இதை இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் மிதக்கும்போது எழுந்து நிற்பது எப்படி என்று, அதாவது முழங்காலை மடக்கி, கையால் தண்ணீரைக் கீழே அழுத்தி, காலை ஊன்றுவதை, நான் பிடித்துக்கொண்டுதான் பழக்கியிருந்தேன். அதைத் தனியாகச் செய்ய விட்டிருந்தால் என் கை போனது அவருக்குப் பெரிதாகவே பட்டிருக்காதோ? அப்படியானால் தப்பு கையை விட்டதில் இல்லை, வரிசையில். இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது ஆறுதலாக இருக்கிறது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. அவர் வரிசையைப் பற்றிக் கேட்கவில்லையே.

இப்போதெல்லாம் எழுந்து நிற்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்கிறேன். பலருக்கு நாள் கூடுகிறது. ஒருவர் அலுத்துப்போய்ப் பாதியில் நின்றுவிட்டார். அவரை அன்றைக்குப்போல் சொல்லாமல் விட்டிருந்தால் நீந்தியிருப்பாரோ என்னவோ.

அந்த அம்மா நிற்கவில்லை. சுவரை ஒட்டியே முழு நீளமும் நீந்துகிறார், மூச்சு அழகாக விடுகிறார். கை கொடுக்க இறங்கினால் மட்டும், "வேண்டாம் தம்பி, நீங்க மேலேயே நில்லுங்க" என்கிறார். நிற்கிறேன்.