பழைய லை

பிப்ரவரி 8, சனி

பால் தெளித்துவிட்டு வந்தார்கள். தம்பி கால் கழுவிக்கொண்டு நேராகப் போய் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தான். உடனே எழுந்துவிட்டான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அலமாரியைத் திறந்தேன். எல்லாம் உறை போட்டு, உறையின் மேல் எழுதி, தேதி வாரியாக. கரண்ட் பில், சொத்து வரி, அம்மாவின் கண் ஆபரேஷன் சீட்டு. கீழ்த்தட்டில் அம்மாவின் மாத்திரை டப்பாக்கள் இரண்டு. ஒன்றில் காலை, இன்னொன்றில் மாலை. இரண்டிலும் பழைய லை, முன்னால் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்த லை. போனில் அடித்தால் அது வராது. கையால்தான் எழுத முடியும்.

ஆறாம் வகுப்பில் அப்பாதான் எனக்குத் தமிழ் வாத்தியார். கரும்பலகையில் ஒருநாளும் பழைய எழுத்து வந்ததில்லை. 1978 அக்டோபரில் அரசாணை வந்து பதின்மூன்று எழுத்துகள் மாறியதைப் பெரியார் 1935லேயே தன் குடி அரசு பத்திரிகையில் செய்துகாட்டியதோடு சேர்த்துப் பெருமையாகச் சொல்வார். சீர்திருத்தம் வேண்டும் என்று கட்சி கட்டிய மனிதர். பழைய லை போட்டு எழுதிய பையனின் நோட்டில் சிவப்பு மையால் சுழித்தவர்.

வீட்டில் மட்டும் ஏன்? நாற்பது வருஷமாகக் கண்ணெதிரே இருந்திருக்கிறது. ஒருநாள்கூடக் கேட்கவில்லையே.

பிப்ரவரி 10, திங்கள்

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. அப்பா இடது தோள் இழுக்கிறது என்றார். வாயுதான் என்று அவரே சொன்னார். மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். குடித்தார்.

பிப்ரவரி 12, புதன்

பௌர்ணமி. அம்மா மொட்டைமாடிக்கு வரவில்லை.

பௌர்ணமிதோறும் மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு. காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சி வேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். மூன்று ஊர், எத்தனை பஸ். அப்பாவுக்குச் சாமி கிடையாது. ஆனாலும் ரிட்டையர் ஆன 2008லிருந்து முடிந்த பௌர்ணமிக்கெல்லாம் கூடவே போனார். அவள் உள்ளே போவாள். இவர் வாசலில் அவளுடைய செருப்பையும் பார்த்துக்கொண்டு பேப்பர் படிப்பார். திரும்பி வந்ததும், "கூட்டமா? நல்லாப் பாத்தியா?" என்று கேட்பார். அவ்வளவுதான். கிண்டலாக ஒரு வார்த்தை வந்ததில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

காசிமேட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஏலம் விடும் இடத்தில் கணக்கு எழுதுகிறாராம். "சாவு வீட்டுக்கு மீன் எடுத்தாரக் கூடாதுன்னு வெறுங்கையா வந்துட்டேம்மா" என்று கையை விரித்துக் காட்டினார். அப்பா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். அப்புறம் தானாகவே ஆரம்பித்தார்.

"பத்தாவது பரீட்சைம்மா, தொண்ணூறுல. எங்கப்பா என்னை லாஞ்சுக்கு ஐஸ் ஏத்த இட்டுனு போயிட்டாரு. விடியக்காலம் நாலு மணிக்கு சாரு சைக்கிள்ல வந்து நிக்கிறாரு. எங்கப்பா கண்டபடி திட்றாரு. சாரு ஒண்ணுமே பேசல. சட்டைய மடிச்சி வுட்டுனு, நான் ஏத்த வேண்டிய பெட்டிய அவரு ஏத்த ஆரம்பிச்சிட்டாரு. எல்லாத்தையும் ஏத்தினாரும்மா. எங்கப்பா அதுக்கப்புறம் வாயத் தொறக்கல."

இப்போதாவது ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் என்று ஒன்று இருக்கிறது. அப்போது அதுவும் இல்லை. கடலுக்கும் ஓய்வில்லை, அந்தப் பிள்ளைகளுக்கும் இல்லை.

அவர் போன பிறகு எனக்கு அந்தச் சட்டை ஞாபகம் வந்தது. அதே நாள்தானா, வேறொரு வருஷமா, தெரியாது. வெளிர்நீலச் சட்டை, தோள் முழுக்க நனைந்து, மீன் கவுச்சி. நானும் தம்பியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். அப்பா சிரித்துக்கொண்டே எங்களைத் துரத்தினார். அம்மா ஒன்றும் கேட்காமல் சட்டையை வாங்கி சோப்புத் தண்ணீரில் முக்கினாள். எட்டரைக்கெல்லாம் எனக்கு ரெட்டைச் சடை பின்னி விட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டார். சடை பின்னியது அவர்தான். விரல்கள் அன்று சில்லென்று இருந்தன.

பிப்ரவரி 15, சனி

தூக்கமில்லை. மோர்.

பிப்ரவரி 17, திங்கள்

புதன்கிழமையே டாக்டரிடம் போயிருக்கலாம். போகலாமா என்று கேட்டேன். "பையனுக்கு வட்டத்தில் தொடுகோடு புரியல, இன்னிக்கு முடிச்சுடறேன்" என்றார். மார்ச் 28ஆம் தேதி பரீட்சைக்கு பிப்ரவரி 5ஆம் தேதி என்ன அவசரம்? கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை. தமிழ் வாத்தியாருக்குக் கணக்கு எதற்கு? பேரன் கேட்டான் என்பதற்காக எழுபத்தைந்து வயதில் பத்தாம் வகுப்புக் கணக்கை முதலிலிருந்து படித்தார். இரவு பத்து மணிக்கு அவரே போட்டுப் பார்த்த தேற்றங்கள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன.

பிப்ரவரி 18, செவ்வாய்

அன்று மூலக்கொத்தளத்துக்கு நானும் போனேன். பொம்பளைங்க வரக் கூடாது என்றார் பெரியப்பா. "போகட்டும்" என்று அம்மா ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். தாளமுத்து, நடராசன் நினைவிடம் அங்கேதான் இருக்கிறது. சின்ன வயதில் சைக்கிள் பாரில் என்னை உட்கார வைத்துக் கூட்டிப்போய் அங்கே நிறுத்துவார். "இந்தி எதிர்ப்புல ஜெயிலுக்குப் போனவங்க, 1939ல பொணமாத்தான் வெளிய வந்தாங்க. நீ எழுதற எழுத்துக்காகத்தாம்மா." எனக்கு அப்போது சுடுகாட்டைக் கண்டு பயம். சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இந்த முறை பிடித்துக்கொள்ளச் சட்டை இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

பதினாறாம் நாள். வளையல், பூ என்று அத்தைகள் ஆரம்பித்தார்கள். அப்பா எழுதி வைத்திருந்த தாளை அம்மா இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள். யாரும் அப்புறம் பேசவில்லை. என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை. மடிப்பில் ஒரு பழைய லை மட்டும் தெரிந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

குடும்ப ஓய்வூதியத்துக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் அங்கிருந்தவர் அம்மாவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மை டப்பாவைத் திறந்து இந்தப் பக்கம் தள்ளினார். அம்மா டப்பாவை மூடி அவர் பக்கமே நகர்த்தினாள். பேனாவை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்கு மேல் ஏறாமல், தன் பெயரை எழுதினாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

திரும்பும்போது மெட்ரோவில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். 1976ல் கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பெயர்கூட எழுதத் தெரியாது. இரண்டாவதோடு நிறுத்தி மாடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள். அப்பா ராத்திரி சாப்பாடு ஆனதும் பலகையை எடுத்து வைப்பார். ஸ்கூல் பலகை இல்லை, அரிசி புடைத்த முறம். முறத்தில் மாவைப் பரப்பி விரலால் எழுத வேண்டும். தப்பாகிவிட்டால் குலுக்கினால் போதும், தப்பே இருக்காது. அடிக்கவில்லை, சிரிக்கவில்லை. இரண்டு வருஷம் ஆயிற்று. லை, ளை, னை மூன்றும் கடைசியாகத்தான் பிடிபட்டன. அந்தத் தும்பிக்கை திரும்பத் திரும்பத் தப்பாகப் போகுமாம். சரியாக வந்த அன்று அவளே எழுதிய முதல் வார்த்தை 'வேலை'. அவர் சாயங்காலம் வந்ததும் காட்டியிருக்கிறாள்.

கொஞ்ச நாளில் எழுத்து மாறிவிட்டது.

"ஒரு வாரம் எங்கிட்ட சொல்லவே இல்லடி. மூஞ்சிய தொங்கப் போட்டுனு இருந்தாரு. என்னன்னு கேட்டேன். சொன்னாரு. சரி, அதையும் கத்துக்கறேன்னேன். வேணாம், அது ஸ்கூலுக்கு, இது நமக்குன்னாரு."

புது எழுத்தையும் அவள் படிப்பாள். தினத்தந்தி முழுக்கப் படிக்கிறாள். "அது பேப்பரு. இது அவரு எழுதனது" என்றாள்.

தண்டையார்பேட்டை வந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்தோம்.

பிப்ரவரி 26, புதன்

அம்மாவிடம் மோர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "நான் அன்னிக்கு நெஞ்சுல தைலம் தேச்சு வுட்டேன்" என்றாள்.

மார்ச் 1, சனி

பையன் தாத்தா நோட்டைப் பார்த்துத் தொடுகோடு தேற்றத்தைத் தானே போட்டுவிட்டான். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் போட்டான். யாரும் எழச் சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

அம்மாவுக்கு மாத்திரை மாறியிருக்கிறது. புது டப்பாவில் எழுத வேண்டும். அப்பாவின் பேனா, அவருடைய சீட்டுத்தாள். 'கா' வந்துவிட்டது. லைக்கு நாலு தாள் வீணாயிற்று. தும்பிக்கை ஒருமுறை ரொம்பப் பெரிதாகிவிட்டது, ஒருமுறை பின்பக்கம் போய்விட்டது. அம்மா கட்டிலில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து சமையலறைக்குப் போனாள். முறத்தை எடுக்கும் சத்தம் கேட்கிறது