பிளினி விசாரித்த இரண்டு பெண்கள்

ஆதித் திருச்சபை பரவிய கதை என்றாலே பவுலடிகளின் பயணங்களைத்தான் பேசுவோம். எனக்கு மனதைவிட்டு நீங்காதது கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம். இன்றைய துருக்கியின் கருங்கடல் ஓரப் பகுதி அவர் பொறுப்பில் இருந்தது.

கிறிஸ்தவர்களைப் பற்றி நடத்திய விசாரணையில் அவருக்குத் தெரியவந்தது இவ்வளவுதான். கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடுவார்கள். கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றி மாறி மாறிப் பாடுவார்கள். திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், கொடுத்த வாக்கை மீறமாட்டோம் என்று உறுதி எடுப்பார்கள். அப்புறம் கலைந்துபோய், மறுபடி கூடிச் சாதாரணச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

இது உண்மைதானா என்று பார்க்க இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்திருக்கிறார். இருவரும் சபையின் ஊழியக்காரிகள். அவர்கள் பெயரைக்கூட அவர் எழுதவில்லை. படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அடிமையை உடைமையாக மட்டுமே பார்த்த காலத்தில் சபை அவர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறதே, அதை நினைத்தால் சிலிர்க்கிறது.

அதே கடிதத்தில், இந்த நம்பிக்கை நகரங்களைத் தாண்டிக் கிராமங்களுக்கும் பரவிவிட்டது, கோயில்களில் பலியிட்ட மிருகங்களின் இறைச்சியை வாங்க ஆள் கிடைப்பதே அரிதாக இருந்தது என்கிறார். இயேசு சிலுவையில் அறையப்பட்டு அப்போது சுமார் 80 வருஷம்தான் ஆகியிருந்தது!