கமிட்டுக்கு முன்னால்

எங்கள் டீமில் சர்வர்களுக்கு அப்டேட் போடும் பொறுப்பு ரொம்ப நாள் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டின் தலையில்தான் இருந்தது. மென்பொருள்களை நிறுவும் ஆப்ட்-கெட் கட்டளையை ஓட்டி, அது கொட்டும் வரிகளை கிரெப் என்ற தேடல் கருவியில் சலித்து, எந்தெந்த பேக்கேஜ் (மென்பொருள் பொதி) மாறும் என்று ஊகிக்கும். சர்வரின் மொழி அமைப்பு வேறாக இருந்தால் அந்த வரிகளும் வேறு மொழியில் வரும். கிரெப் கையில் ஒன்றும் சிக்காது. ஸ்கிரிப்ட்டும் மாற்றம் ஏதும் இல்லையென்று நிம்மதியாக முடிந்துவிடும். ஆப்ட்-கெட்டுக்குப் பின் வந்த ஆப்ட் கட்டளைக்கு மாறலாமென்றால், அதன் வெளியீட்டை வேறொரு புரோகிராமுக்கு பைப்பில் விட்டதுமே ஸ்கிரிப்ட்டில் எச்சரிக்கையாகப் பயன்படுத்தச் சொல்லி அதுவே எச்சரிக்கிறது.

அப்புறம்தான் பைத்தான் புரோகிராமிலிருந்தே ஆப்ட்டை இயக்க உதவும் பைத்தான்-ஆப்ட் லைப்ரரிக்கு வந்தோம். இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: நிஜமாகக் கை வைக்கும் முன்பே என்ன நடக்கும் என்று கேட்டுவிடலாம். பேக்கேஜ் பட்டியல் இருக்கும் கேஷைத் திறந்து அப்டேட் செய்கிறோம். அதன்பின் கேஷை மறுபடி திறக்க வேண்டும். இல்லையென்றால் பழைய பட்டியலே கண்ணில் படும். பிறகு வேண்டிய பேக்கேஜுக்கு மார்க்_இன்ஸ்டால், அதாவது நிறுவு என்று ஒரு குறி. இந்தக் குறி நினைவகத்தில் மட்டும்தான். டிஸ்க்கில் எதுவும் மாறாது. இப்போது மாறப்போவதைப் பட்டியலிடும் கெட்_சேஞ்சஸைக் கேட்டால், சார்புகளால் கூடவே இழுபடும் பேக்கேஜ்களும் சேர்ந்து வரும். அதில் ஒன்றாவது நீக்கக் குறியோடு இருந்தால் எங்கள் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும். மனிதர் பார்த்துச் சொன்னால்தான் கமிட், அதாவது மாற்றங்களை நிஜமாகவே நிறைவேற்றுவது. இந்த ஒரு சோதனைக்காகவே மாறியிருக்கலாம் என்பேன்.

பதிப்பு ஒப்பீடும் லைப்ரரியின் வேலைதான். 1.10 என்பது 1.9-ஐவிடப் புதியது, டில்டா குறி வந்தால் 2.0~1 என்பது 2.0-க்கு முந்தையது. சரங்களாக ஒப்பிட்டால் இரண்டிலும் தப்பான விடைதான் வரும்.

ஒரே நேரத்தில் இரண்டு புரோகிராம்கள் பேக்கேஜ்களில் கை வைக்காமல் தடுக்கும் லாக் (பூட்டு) விஷயம் தனி. உபுண்டு சர்வரில் தானாக அப்டேட் போடும் அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் லாக் கிடைக்காமல் எக்ஸெப்ஷன் வரும். லாக் ஃபைலை அழித்துவிட்டு மேலே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். கொஞ்சம் பொறுத்து மறுபடி முயன்றால் போதும். அந்த அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸும் இதே லைப்ரரியில் எழுதியதுதான். ஆவணங்களைவிட அதன் கோடைப் படித்துத்தான் நான் அதிகம் கற்றேன்.

ஆனால் கமிட் என்றதும் வேலை, பேக்கேஜ்களை நிஜமாக நிறுவும் டிபிகேஜியின் கைக்குப் போய்விடுகிறது. நாம் திருத்திய கான்ஃபிக் ஃபைலை வைத்துக்கொள்ளவா, புதியதை எடுக்கவா என்று அது கேள்வி கேட்டுக் காத்திருக்கும். பேக்கேஜ்களின் அமைப்புக் கேள்விகளைக் கேட்கும் டெப்கான்ஃபை நான்-இன்டராக்டிவ் (கேள்வி கேட்காத முறை) ஆக்கினாலும் இந்தக் கேள்வி நிற்காது. பழையதையே வைத்துக்கொள் என்ற ஃபோர்ஸ்-கான்ஃப்ஓல்ட் விருப்பத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். டேட்டாபேஸ் மாதிரி செய்ததைத் திரும்பப் பெறும் ரோல்பேக்கும் கிடையாது. அதனால் கமிட்டுக்கு முன் ஒவ்வொரு பேக்கேஜின் பழைய பதிப்பையும் ஒரு பதிவு ஃபைலில் எழுதி வைக்கிறோம். பேக்கேஜ்கள் இறங்கும் ரெப்போவில் (களஞ்சியம்) அந்தப் பதிப்பு பிறகும் இருக்கும் என்று நம்ப முடியாது, ஆகவே முக்கியமானவற்றின் பழைய டெப் ஃபைல்களையும் (பேக்கேஜ் ஃபைல்கள்) எடுத்து வைத்துக்கொள்கிறோம்.