பாதரசத்துக்குச் செலினியம் மாற்று மருந்தா?

மீனில் பாதரசம் இருக்கிறது என்ற செய்தி வரும்போதெல்லாம், அதே மீனில், உடலுக்குச் சிறிதளவே தேவைப்படும் சத்தான செலினியமும் இருப்பதால் அஞ்ச வேண்டியதில்லை என்ற பதிலும் உடன் வந்துவிடுகிறது. அதை முழுமையாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

1967இல் செக்கோஸ்லோவாக்கிய ஆய்வாளர்களான பாரிசெக்கும் ஓஸ்தாதலோவாவும், பாதரச உப்பு செலுத்திய எலிகளுக்குச் செலினைட் என்னும் செலினிய உப்பையும் கொடுத்து, அவற்றின் சிறுநீரகங்கள் சிதையாமல் காத்துக் காட்டினர். 1972இல், மீனில் சேரும் பாதரச வடிவமான மெத்தில் பாதரசம் கலந்த தீவனத்தில் சூரை மீனையும் சேர்த்துத் தின்ற ஜப்பானியக் காடைகளுக்கு நஞ்சின் கடுமை குறைந்திருந்ததை அமெரிக்காவில் கேந்தர் என்பவரின் குழு கண்டது. ஆனால் செலினியம் பாதரசத்தை உடலிலிருந்து விரட்டுவதில்லை. எலிகளின் உடலில் பாதரசம் தங்குவது அதனால் கூடவே செய்தது.

பாதரசம் கந்தகத்தோடு எளிதில் ஒட்டும். செலினியத்தோடு அதைவிடப் பன்மடங்கு இறுக்கமாக ஒட்டும். மெத்தில் பாதரசம் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்துடன் சேர்ந்து, மெத்தியோனின் என்னும் மற்றோர் அமினோ அமிலத்தின் சாயலில் மூளைக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே ஆக்சிஜனேற்றச் சிதைவைத் தடுக்கும் குளுட்டதையோன் பெராக்சிடேஸ், தயோரெடாக்சின் ரிடக்டேஸ் போன்ற நொதிகளின் செயல்மையத்தில் இருக்கும் செலினியத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. ஆகவே பாதரச நஞ்சின் ஒரு பெரும்பகுதி, மூளைக்குள் ஏற்படும் செலினியப் பஞ்சம்தான் என்று கருதுவோர் உண்டு.

அப்படியானால் கணக்கை எடையில் அல்ல, அணுக்களில் போட வேண்டும். ஒரு கிலோ மீனில் இரண்டுமே அரை மில்லிகிராம் இருந்தால், பாதரச அணு ஒன்றுக்குச் செலினிய அணுக்கள் ஏறத்தாழ இரண்டரை இருக்கும், ஏனெனில் பாதரசத்தின் அணு எடை 200.6, செலினியத்தினுடையது 79. பெரும்பாலான கடல் மீன்களில் செலினியமே மிகுதி. மாக்கோ சுறாவிலும் பைலட் திமிங்கலத்திலும் பாதரசம் முந்திவிடுகிறது. திமிங்கலத்தின் கல்லீரலோ இரண்டையும் ஒன்றுக்கு ஒன்றாகப் பிணைத்துப் பாதரச செலினைடு என்னும் கரையாத நுண்துகள்களாக ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. அந்த வசதி கருவிலிருக்கும் குழந்தையின் மூளைக்கும் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது.

வட அட்லாண்டிக் கடலிலுள்ள பரோயே தீவுகளில் 1986, 87இல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில் இது தெரிந்தது. அங்குள்ள தாய்மார்கள் பைலட் திமிங்கல இறைச்சி உண்பவர்கள். தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரசத்தைவிடச் செலினியம் ஏராளமாக இருந்தும், பிற்பாடு குழந்தைகளின் நினைவாற்றலிலும் மொழித்திறனிலும் கண்ட பாதிப்பை அது குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. 2008இல் அத்தீவுகளின் மருத்துவ அதிகாரிகள் திமிங்கல இறைச்சியே வேண்டாம் என்று பரிந்துரைத்தனர்.

செலினியம் குறைந்த உடலில் பாதரசம் எளிதாக வெல்லலாம். அதற்காக மாத்திரையை அள்ளி விழுங்க முடியாது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 55 மைக்ரோகிராம் போதும். 400ஐத் தாண்டித் தொடர்ந்தால் முடி கொட்டலாம், நகம் பிளக்கலாம். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு செய்து தருவதை நான் குறை சொல்ல மாட்டேன். சிறிய சுறாவாகப் பார்த்து வாங்குங்கள். பெரிய சுறாவை அறுத்த துண்டு என்றால் வேண்டாம், அன்றைக்கு மத்தியோ நெத்திலியோ போதும்.